ஜெர்சியில் எழுதிய பெயர்

தொழில்தடத்தின் கதை – 23
(ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தின் வரலாற்றுத் தொடர்)

சென்ற இதழில் 2010-ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் ஒரகடத்தில் அந்த மார்ச் மாதம் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அப்பல்லோ டயர்ஸ் ஆலையும் ஓடத் தொடங்கியது. இங்கே செய்த காரும் டயரும் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் கப்பலேறின. அவற்றைச் செய்த கம்பெனிகளின் பெயர்களோ கால்பந்து மைதானங்கள் வழியாக உலகம் சுற்றின.

இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்த ஹூண்டாய், 1999 முதல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் அதிகாரப்பூர்வப் பங்குதாரர். ஒரகடத்தில் ஆலை வைத்த அப்பல்லோ டயர்ஸ், 2013-இல் மான்செஸ்டர் யுனைடெட் க்ளப்புடன் கைகோத்தது. பிறகு சில பருவங்களில் சென்னையின் எஃப்சி ஆட்டக்காரர்கள் அணிந்த ஜெர்சியின் மார்பிலும் அந்தப் பெயர் இருந்தது. பெயர் மைதானத்துக்குப் போனால் அதோடு பணமும் போகும். அது காரின் விலையிலும் டயரின் விலையிலும் அடங்கிய பணம்; மூன்று ஷிப்ட் வேலையில் உண்டான பணம். அது யார் கைக்குப் போனது, அவர்கள் யாருக்குக் கணக்குச் சொன்னார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம். ஆலைகளின் வரலாற்றில் கால்பந்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு தொழில்தடத்தின் வரலாற்றை அதன் மதில் சுவரோடு நிறுத்திவிட்டால், அங்கே உண்டான செல்வம் எதற்கெல்லாம் பயன்பட்டது என்ற பாதி வரலாறு விடுபட்டுப் போகும்.

1996, மே மாதம்

ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் பதிவானது 1996 மே 6-ஆம் தேதி. அதே மாதம் 31-ஆம் தேதி சூரிக் நகரில் ஃபிஃபாவின் செயற்குழு கூடி, 2002 உலகக் கோப்பையைத் தென் கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்தட்டும் என்று முடிவு செய்தது. ஆசியாவில் உலகக் கோப்பை நடக்கப்போவதும், இரண்டு நாடுகள் சேர்ந்து நடத்தப்போவதும் அதுவே முதல் முறை.

கொரியாவின் பக்கம் நின்று அந்தப் பாதியை வென்றெடுத்தவர் சுங் மோங்-ஜூன். ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜூ-யுங்கின் மகன். 1993-இல் கொரியக் கால்பந்துச் சங்கத் தலைவர், 1994-இல் ஃபிஃபாவின் துணைத் தலைவர். குடும்பத் தொழில் பிரிந்தபோது கார் கம்பெனி அண்ணன் சுங் மோங்-கூவிடம் சென்றது. கப்பல் கட்டும் ஹூண்டாய் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் தம்பி மோங்-ஜூனிடம் இருந்தது. ஃபிஃபாவுக்குப் பணம் கொடுத்தது அண்ணனின் கம்பெனி. ஃபிஃபாவின் மேசையில் உட்கார்ந்திருந்தது தம்பி. ஃபிஃபா மீது பின்னாளில் வந்த லஞ்ச வழக்குகள் எதிலும் கார் கம்பெனி குற்றம் சாட்டப்படவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஸ்பான்சரின் குடும்பத்தவரே ஆட்சிக் குழுவில் இருப்பதை அன்றைய கால்பந்து உலகம் இயல்பாக எடுத்துக்கொண்டது என்பதும் வரலாறுதான்.

அந்த உலகத்தைக் கட்டியவர் பிரேசில்காரர் ஜோவாவ் ஹாவ்லாஞ்ச். 1974-இல் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரவுஸைத் தோற்கடித்து ஃபிஃபா தலைவரானார். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கு அதிக இடம் தருவேன் என்று வாக்குறுதி கொடுத்தார். பெருமளவு கொடுக்கவும் செய்தார். அதற்கான பணத்தைக் கொண்டுவந்த வழி புதியது. அடிடாஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் டாஸ்லர் 1982-இல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் ஸ்போர்ட் அண்ட் லெஷர்’ என்ற மார்க்கெட்டிங் கம்பெனி, உலகக் கோப்பையின் விளம்பர உரிமைகளை மொத்தமாக வாங்கிச் சில பெரிய கம்பெனிகளுக்குப் பிரித்து விற்றது. ஒரு தொழிலுக்கு ஒரே கம்பெனி: ஒரே குளிர்பானம், ஒரே கார்.

2001-இல் அந்தக் கம்பெனி திவாலானது. அதன் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோது உள்ளே இருந்தது வெளியே வந்தது. உரிமைகள் தன்னிடமே தொடர வேண்டும் என்பதற்காக அது பல ஆண்டுகள் கால்பந்து அதிகாரிகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்திருந்தது. சுவிஸ் அரசு வழக்கறிஞரின் ஆவணம் 2012 ஜூலையில் வெளியானபோது பெயர்களும் தொகைகளும் தெரிந்தன. ஹாவ்லாஞ்ச் குறைந்தது 15 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் வாங்கியிருந்தார். அவருடைய முன்னாள் மருமகனும் பிரேசில் கால்பந்துத் தலைவருமான ரிக்கார்டோ டெஷெய்ரா 1992 முதல் 1997 வரை வாங்கியது குறைந்தது 1 கோடியே 27 லட்சம் ஃபிராங்க். அந்தக் காலத்து சுவிஸ் சட்டத்தில் தனியார் துறையில் இப்படிக் கமிஷன் வாங்குவது குற்றமாகவே இல்லை. ஹாவ்லாஞ்ச் 2013-இல் கௌரவத் தலைவர் பதவியைத் துறந்தார். சிறைக்குப் போகவில்லை.

ஒரு வாக்கின் எடை

ஃபிஃபாவின் தேர்தல் முறையைத் தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். அங்கே ஒவ்வொரு உறுப்புச் சங்கத்துக்கும் ஒரு வாக்கு. பிரேசிலுக்கும் ஒன்று, சில ஆயிரம் பேர் வாழும் மான்செராட் தீவுக்கும் ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது. ஆனால் ஏழைச் சங்கங்களுக்கு வளர்ச்சி நிதியைப் பகிர்ந்து தருகிற கையும், அவர்களிடம் வாக்குக் கேட்கிற கையும் ஒன்றாக இருந்தால், நிதி மெல்ல வாக்காக மாறிவிடுகிறது. செப் பிளாட்டர் 1998-இல் தலைவரானதும் வந்த ‘கோல்’ திட்டம் அந்த இரட்டை வேலையைச் செய்தது. அதன் பணத்தில் நல்ல காரியங்களும் நடந்தன. டெல்லி துவாரகாவில் இருக்கும் நம் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகமே அந்தத் திட்டத்தின் உதவியில் எழுந்ததுதான்.

2002 மே மாதம் சியோலில் ஃபிஃபா காங்கிரஸ் கூடியது. சில வாரங்களுக்கு முன் பொதுச் செயலாளர் மிஷேல் ஜென்-ருஃபினன் தன் தலைவர் பிளாட்டரின் நிர்வாக முறைகேடுகளைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை தந்திருந்தார். செயற்குழுவைச் சேர்ந்த 11 பேர் சுவிஸ் நீதித்துறையில் கிரிமினல் புகார் கொடுத்தார்கள்; அவர்களில் சுங் மோங்-ஜூனும் ஒருவர். வழக்கு நிற்கவில்லை. மே 29-ஆம் தேதி பிளாட்டர் 139 வாக்குகள் பெற்று, 56 வாக்குகள் பெற்ற கேமரூனின் இசா ஹயாட்டூவை வீழ்த்தினார். பொதுச் செயலாளர் பதவியை இழந்தார். இரண்டு நாள் கழித்து உலகக் கோப்பை தொடங்கியது. கணக்குக் கேட்டவர் வெளியே போனார், கேட்கப்பட்டவர் உள்ளே இருந்தார் என்ற இந்தப் பாடம் கால்பந்து உலகம் முழுவதும் பரவியது.

சுங்கின் கதையும் எளிதான கதை இல்லை. 2022 உலகக் கோப்பையைக் கொரியாவுக்குக் கேட்டபோது, உலகெங்கும் கால்பந்து வசதிகள் அமைக்க 77.7 கோடி டாலர் நிதி திரட்டப்போவதாக 2010-இல் செயற்குழு உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். வாக்களிக்கப் போகிறவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அந்த டிசம்பர் 2-ஆம் தேதி சூரிக்கில் வாக்கெடுப்பு. 24 பேர் குழுவில் இருவர், பத்திரிகையாளர்கள் வைத்த பொறியில் வாக்குக்குப் பணம் பேசிய விவகாரத்தில் ஏற்கெனவே இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். மீதமுள்ள 22 பேரில் கொரியாவுக்கு மூன்றாம் சுற்றில் கிடைத்தவை 5 வாக்குகள். இறுதிச் சுற்றில் கத்தார் அமெரிக்காவை 14-க்கு 8 என வென்றது.

2015 ஆகஸ்டில் சுங், ஃபிஃபாவைச் சீர்திருத்தப் போகிறேன் என்று தலைவர் தேர்தலில் நிற்க முன்வந்தார். அக்டோபரில் ஃபிஃபாவின் நெறிமுறைக் குழு, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை, ரகசியம் காக்கவில்லை என்பன போன்ற விதிமீறல்களுக்காக அவருக்கு ஆறு ஆண்டுத் தடை விதித்தது. தன்னைத் தேர்தலில் நிற்கவிடாமல் செய்யும் சூழ்ச்சி இது என்றார் அவர். மேல்முறையீட்டில் தடை ஐந்தாண்டாகக் குறைந்தது; 2018 பிப்ரவரியில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அதை 15 மாதமாகச் சுருக்கி அபராதத்தையும் நீக்கியது. தீர்ப்பு வந்தபோது அந்த 15 மாதம் எப்போதோ கழிந்திருந்தது; தேர்தலும் முடிந்திருந்தது. கடிதம் தவறென்றால் 2010-லேயே சொல்லியிருக்க வேண்டும். தாமதமாக வரும் நியாயம், யாருக்கு எப்போது தேவையோ அப்போது எடுத்து வீசும் ஆயுதமாகிவிடுகிறது.

ஸ்பான்சர்கள் பேசிய நாள்

2015 மே 27 விடியற்காலையில் சூரிக்கின் பவுர் ஓ லாக் ஹோட்டலில் சுவிஸ் போலீஸ் ஏழு கால்பந்து அதிகாரிகளைக் கைது செய்தது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் மொத்தம் 14 பேர் மீது குற்றச்சாட்டு. 24 ஆண்டுகளில் கைமாறிய லஞ்சமும் கமிஷனும் 15 கோடி டாலருக்கு மேல் என்றது குற்றப்பத்திரிகை. இரண்டு நாளில் பிளாட்டர் மறுபடியும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜூன் 2-ஆம் தேதி விலகப்போவதாக அறிவித்தார். ஆனாலும் நாற்காலியில் தொடர்ந்தார்.

ஹூண்டாய் அந்த மே மாதம், ஃபிஃபா அதிகாரிகள் மீதான வழக்கு தங்களுக்கு மிகுந்த கவலை தருவதாகவும் நிலைமையைக் கவனித்து வருவதாகவும் அறிக்கை விட்டது. அக்டோபர் 2-ஆம் தேதி கோகோ கோலா, மெக்டொனால்ட்ஸ், விசா, ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் ஆகிய நான்கு கம்பெனிகள், பிளாட்டர் உடனே பதவி விலக வேண்டும் என்று ஒரே நாளில் வெளிப்படையாகக் கேட்டன. அந்த நான்கில் ஹூண்டாயின் பெயர் இல்லை. அடுத்த வாரமே நெறிமுறைக் குழு பிளாட்டரை இடைநீக்கம் செய்தது. சுவிஸ் அரசு வழக்கறிஞர்கள் ஏற்கெனவே அவர் மீது விசாரணை தொடங்கியிருந்தார்கள் என்பதால், இதை ஸ்பான்சர்களின் வெற்றி என்று மட்டும் சொல்ல முடியாது. (அந்தக் குற்ற வழக்கில் பிளாட்டர் 2022-இலும் 2025-இலும் விடுவிக்கப்பட்டார்.) ஆனால் பணம் தருகிறவர்கள் வாய் திறந்தால் அந்தக் கட்டடம் அதிரும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

நம் தொழில்தடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் இருக்காது. ஒரு கார் கம்பெனிக்கு ஒரு சிறு பிராக்கெட் சப்ளை செய்ய வேண்டுமானால் வெண்டாரின் பட்டறைக்கு ஆடிட் வரும். இரும்பு எங்கே வாங்கினாய், எந்த மிஷினில் யார் அடித்தார்கள், எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று கேட்பார்கள். பதில் சரியில்லாவிட்டால் ஆர்டர் நிற்கும். இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி எழுந்த உதிரிபாகக் கம்பெனிகள் எல்லாம் இந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவை. பிராக்கெட்டுக்குக் கேட்கிற கேள்வியை, கோடிக்கணக்கில் பணம் வாங்கிக்கொள்ளும் ஒரு விளையாட்டுச் சம்மேளனத்திடம் ஏன் கேட்கவில்லை? 2019 முதல் 2022 வரையான நான்காண்டில் ஃபிஃபாவின் வருவாய் சுமார் 757 கோடி டாலர். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும் அமைப்பில் தலைவருக்குப் பதவிக் கால வரம்பு வந்ததே 2016-இல்தான். ஸ்பான்சர்கள் அதை 1999-லேயே ஒப்பந்த நிபந்தனையாகக் கேட்டிருந்தால் கால்பந்தின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

ஏழு நாள் இடைவெளியில்

சூரிக்கில் கத்தார் வென்ற நாளிலிருந்து ஏழாம் நாள், 2010 டிசம்பர் 9-ஆம் தேதி, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஐஎம்ஜி–ரிலையன்ஸ் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய். சராசரியாக ஆண்டுக்கு 47 கோடிக்கும் குறைவு. அதற்கு ஈடாக தேசிய அணி, தேசிய லீக் உட்பட இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் மொத்தமாகக் கைமாறின. ஹாவ்லாஞ்ச் காலத்தில் உலகக் கோப்பைக்கு நடந்தது, இப்போது ஒரு நாட்டின் கால்பந்து முழுவதற்கும் நடந்தது.

2014 அக்டோபர் 12-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. இதனால் வந்த நன்மையை மறைப்பது நியாயமாகாது. ஆட்டக்காரர்களின் சம்பளம் உயர்ந்தது. புல்தரையும் விளக்கும் பயிற்சியும் மேம்பட்டன. தொலைக்காட்சியில் கால்பந்து வீட்டுக்கு வந்தது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் மறுபடியும் கூட்டம் சேர்ந்தது. சென்னையின் எஃப்சி 2015-இல் கோவாவின் சொந்த மண்ணில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழ 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. 2018 மார்ச்சில் பெங்களூரிலும் அதே 3-2. அந்த இரண்டாவது கோப்பை அணியில் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் இருந்தார்.

ஆனால் அந்த லீக்கின் கதவு ஒரு பக்கம் மட்டுமே திறந்தது. உரிமைக் கட்டணம் செலுத்தியவர் உள்ளே வரலாம்; கடைசி இடத்தில் முடித்தாலும் வெளியே போக வேண்டியதில்லை. அன்று வெளியே இருந்த அணி எத்தனை ஆட்டம் வென்றாலும் உள்ளே வர முடியவில்லை. உலகக் கால்பந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காப்பாற்றிவரும் எளிய நியாயம், ஜெயித்தவன் மேலே போவான் என்பது. அந்த நியாயம் ஒப்பந்தத்துக்குள் அடகு போனது.

அதன் வலி தமிழ்நாட்டில்தான் கூர்மையாகத் தெரிந்தது. 2019 மார்ச் 9-ஆம் தேதி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, சம்மேளனத்தின் பழைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்திருந்தார். எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பிள்ளைகள் அணியில் ஓடினார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் க்ளப் அந்த ஆண்டு சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது.

வென்ற அணிக்கு என்ன கிடைத்தது? 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு மோதும் வாய்ப்பு கிடைத்தது, அதில் தோற்றது. ஆசியாவின் வாசல்வரை போக முடிந்த அணிக்குத் தன் நாட்டின் பெரிய லீக்குக்குள் நுழைய வழியில்லை. 2019-இல்தான் ஐ-லீக் இரண்டாம் தட்டுக்கு இறக்கப்பட்டது. மேலேற வழிவகுக்கும் திட்டம் அந்த அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த கூட்டத்தில் உருவானது: 2022-23 ஐ-லீக் சாம்பியனிலிருந்து மேலே வரலாம். சென்னை சிட்டிக்கு அது நாலு வருடம் தாமதம். 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். வென்றும் உயர முடியாத க்ளப்பில் எந்த முதலாளி தொடர்ந்து பணம் போடுவார், எந்த ஊர்க்காரன் தொடர்ந்து டிக்கெட் வாங்குவான் என்ற கேள்விக்கு மட்டும் மாற்றுப் பதில் இல்லை.

நேர்வழியில் வரும் பணம் வற்றினால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பணம் உள்ளே நுழையும். 2022 நவம்பரில் சிபிஐ, சில இந்திய க்ளப்புகளில் ஆட்டங்கள் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டனவா என்று முதற்கட்ட விசாரணை தொடங்கியது. விசாரணையில் அடிபட்ட பெயர் வில்சன் ராஜ் பெருமாள். சிங்கப்பூர்த் தமிழர், பல நாடுகளில் ஆட்டங்களை விலைபேசி, 2011-இல் பின்லாந்தில் கைதாகி இரண்டாண்டுத் தண்டனை பெற்றவர். அவரோடு தொடர்புடைய ஒரு கம்பெனி இந்திய க்ளப்புகளில் முதலீடு செய்தது என்ற தகவல்தான் விசாரணைக்கு அடிப்படை. அந்த க்ளப்புகள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் வருகிற பணத்தின் ஊர் பெயர் கேட்கும் பழக்கம் சம்மேளனத்தில் இருந்திருந்தால், அந்த வேலையை சிபிஐ செய்ய நேர்ந்திருக்காது.

நீதிமன்றத்தின் வாசலில்

இந்தியச் சம்மேளனத்தில் நாற்காலிகள் நீண்ட ஆயுள் கொண்டவை. பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 1988 முதல் 2008 வரை இருபது ஆண்டு தலைவர். அடுத்து வந்த பிரஃபுல் படேல், தாஸ்முன்ஷியைப் போல அவரும் மத்திய அமைச்சராக இருந்தவர், மூன்று பதவிக் காலம் முடிந்த 2020 டிசம்பருக்குப் பிறகும் தேர்தல் நடத்தாமல் தொடர்ந்தார். வழக்கறிஞர் ராகுல் மெஹ்ரா தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2017-லேயே படேலின் தேர்வைச் செல்லாது என்றிருந்தது; உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, புதிய சாசனம் எழுத ஏற்பாடு செய்தது. கடைசியில் 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே அவரை நீக்கி, முன்னாள் நீதிபதி ஏ.ஆர். தவே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரைஷி, முன்னாள் இந்திய அணிக் கேப்டன் பாஸ்கர் கங்குலி ஆகிய மூவரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தது.

ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. வெளியார் தலையீடு என்பது குற்றச்சாட்டு. ஆசிய மகளிர் க்ளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கிய கோகுலம் கேரளா அணியின் பெண்கள், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று. தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் யாரும் எதையும் இழக்கவில்லை; சட்டப்படி நடக்கட்டும் என்று சொன்ன நாட்டின் ஆட்டக்காரிகள் இழந்தார்கள். தன் சொந்த வீட்டில் லஞ்சத்தைப் பல பத்தாண்டுகள் சகித்த ஃபிஃபா, ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்தச் சொன்னதைப் பொறுக்கவில்லை. நிர்வாகக் குழு கலைக்கப்பட்ட பிறகு ஆகஸ்ட் 26-ஆம் தேதி தடை நீங்கியது.

நீதிமன்றம் முதலில் ஏற்றிருந்த ஏற்பாட்டின்படி 36 முன்னாள் ஆட்டக்காரர்களும் வாக்களித்திருக்க வேண்டும். ஃபிஃபாவோடு ஏற்பட்ட சமரசத்தில் அந்த வாக்குகள் போயின. செப்டம்பர் 2-ஆம் தேதி மாநிலச் சங்கங்கள் மட்டும் வாக்களித்தன. முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபேக்கு 33. இந்தியாவின் புகழ்பெற்ற கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு 1. ஆட்டக்காரர் ஒருவர் தலைவரானது முதல் முறைதான். என்றாலும் அவரைத் தேர்ந்தெடுத்த கைகளில் ஆட்டக்காரர்களின் கை இல்லை.

அந்தக் குறை 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி ஓரளவு தீர்ந்தது. முன்னாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தயாரித்த சாசனத்தைச் சில திருத்தங்களோடு உச்ச நீதிமன்றம் ஏற்றது. முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் சம்மேளனத்தில் இடம். நாட்டின் முதல் லீக்கில் ஏற்றமும் இறக்கமும் கட்டாயம். அக்டோபர் 12-ஆம் தேதி சம்மேளனம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஐஎம்ஜி–ரிலையன்ஸுடன் செய்த பழைய ஒப்பந்தத்தின் ஆயுள் அந்த டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடியவிருந்தது. அடுத்து என்ன என்று தெரியாததால் லீக் நின்றது. சென்னையின் எஃப்சி ஆகஸ்டிலேயே கால்பந்துச் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. லீக்கை நடத்த நவம்பர்வரை டெண்டர் கேட்டுக் காத்திருந்தார்கள், ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 15 ஆண்டு ஒரே கையை நம்பியிருந்ததன் விலை அது.

நியாயம் என்பது பணத்துக்கு எதிரி என்ற எண்ணம் நம் விளையாட்டு நிர்வாகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கதவைத் திறந்தால் முதலீட்டாளர் ஓடிவிடுவார், தேர்தல் நடத்தினால் ஃபிஃபா கோபிக்கும், கணக்கைக் காட்டினால் ஸ்பான்சர் போய்விடுவார் என்கிறார்கள். நடந்தது நேர்மாறு. கதவை மூடிவைத்த லீக்குக்குத்தான் 2025-இல் ஆள் வரவில்லை. கணக்குக் காட்டாத ஃபிஃபாவில்தான் போலீஸ் நுழைந்தது.

ஹூண்டாய் 2023-இல் ஃபிஃபாவுடனான ஒப்பந்தத்தை 2030 வரை நீட்டித்திருக்கிறது. நம் மாநிலத்திலும் புதிய பெயர்கள் ஜெர்சிக்கு வரும்; வர வேண்டும். அப்படி வரும் கம்பெனிகள் வெண்டாரிடம் கேட்பதுபோலக் கால்பந்திடமும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்களா? தலைமையில் இருப்பவர் இறங்குவதற்குக் கால வரம்பு இருக்கிறதா? வென்ற அணி மேலே போக வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் எழுத்தில் வரும்வரை காசோலையில் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தக் காசோலைக்குப் பின்னால் இந்தத் தடத்தின் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. அதில் எத்தனையோ பேர் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி வென்றதைக் கொண்டாடியவர்கள். தங்கள் உழைப்பில் விளைந்த பணம் அந்த வெற்றியை மதிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

(அடுத்த இதழில்: 2012-இல் டெய்ம்லர் ஆலை ஒரகடத்துக்கு வந்த கதை)

– தொடரும்